கருநீலக் கதவில் ஒரு கோடு

சின்னராஜ் கார் சாவியைக் கேட்டு வந்தபோது தெய்வநாயகி கோழிக்கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசம் அவருக்கு ஆகாது. உள்ளே வராமல், வேப்பமரத்தடியில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டார்.

சின்னராஜ் அவள் கணவனுக்கு அண்ணன். கணவன் பாலசுந்தரம் போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்தவன். வடக்கே வேலைக்குப் போன இடத்தில், துளைபோடும் ரிக்கு வண்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அவன் ஆசை ஆசையாக வாங்கிய கார்தான் இது. கருநீலம். வெயிலும் பறவை எச்சமும் வேப்பம்பிசினும் கல்குவாரித் தூசியும் சேர்ந்து இப்போது அது என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. துவைத்துத் துவைத்து வெளுத்த பழைய சட்டை மாதிரி இருந்தது.

சின்னராஜ் தன் மகள் கனிஷ்காவின் கல்யாணப் பேச்சை எடுத்தார். ஆவணியில் முகூர்த்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்திலிருந்து கிளம்பும்போது நம் வீட்டு வண்டியிலேயே போகட்டும் என்றார். பாலிஷ் போடுகிற செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அதை ஓட்டத் தெரிந்த ஆளை அனுப்பி இன்றைக்கே எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். கல்யாணம் முடிந்தபிறகு வண்டி அங்கேயே நிற்கட்டும், இங்கே கிடந்து வீணாகத்தானே போகிறது என்று முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

அவர் கேட்டது எதையும் இந்த மூன்று வருடத்தில் தெய்வநாயகி மறுத்ததில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் முறையை மாற்றியபோதும் சரி, பாலசுந்தரத்தின் ரிக்கு வண்டியை விற்றபோதும் சரி, தலையாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு நீட்டிய கையைப் பார்த்தபோது அவளுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கேட்கக்கூட இல்லை, நீட்டுகிறார்.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டுங்க மாமா," என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். "நீ வெச்சுக்கிட்டு என்னம்மிணி பண்ணுவ?"

அவள் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போன சத்தம் கேட்டது. சாவியைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. போன வருடமே அவள் திருச்செங்கோட்டில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டப் பழகியிருந்தாள். கோழி மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பழகினாள். லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. பண்ணையில் அவளோடு வேலை பார்க்கும் சின்னாயிக்கு மட்டும்தான் இது தெரியும். அறுவடை முடிந்த கடலைக்காட்டு வண்டித்தடத்தில் அவள் காரை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும்போது, குறுக்கே ஆடுமாடு வராமல் சின்னாயிதான் பார்த்துக்கொள்வாள். ஆனால் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி அவள் காரை எடுத்ததே இல்லை. கணவன் போன பிறகு எந்த நல்லது பொல்லாததுக்குப் போனாலும் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கப் பழகியிருந்தாள். யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. யாரும் முன்னால் வா என்று கூப்பிட்டதும் இல்லை. ஊர் நடுவே கார் ஓட்டிக்கொண்டு போவதென்றால் அது பின்னால் நிற்கிற காரியம் ஆகாது.

மறுநாள் காலை கோழி வேலையை முடித்துவிட்டுக் குளித்தாள். சின்னாயி கேட்டைத் திறந்து விட்டாள். தெய்வநாயகி காரை ரோட்டில் ஏற்றினாள். எலச்சிபாளையத்தைத் தாண்டும்வரை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்த பிடி தளரவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அடித்துவிட்டுப் போகட்டும் என்று தன் வேகத்திலேயே போனாள்.

திருச்செங்கோடு நெருங்கும் இடத்தில், நாமக்கல் ரோட்டில் குணசீலனின் பாலிஷ் கடை இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. கோயமுத்தூரில் வேலை பழகிவிட்டு வந்து சொந்தமாக வைத்திருந்தான். காரிலிருந்து அவள் இறங்கியதும், ஓனர் வரவில்லையா என்று கேட்டான்.

"நாந்தான் ஓனர்," என்றாள்.

அவன் சங்கடமாகச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். தண்ணீர் அடித்து, சோப்பு நுரை போட்டுக் கழுவியதும் காரில் பாதி அழுக்கு போய்விட்டது, மங்கல் போகவில்லை. காரைக் கொட்டகைக்குள் தள்ளி, கையில் ஒரு விளக்கை எடுத்து பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்தான். அவளைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னான்.

விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல்கள். சிலந்தி வலை மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக, எண்ணவே முடியாது. பானெட்டு முழுவதும், கதவுகளிலும், டிக்கியிலும் அப்படியே இருந்தன.

வெயிலில் காய்ந்ததால் வந்த மங்கல் வேறு, இது வேறு என்றான் குணசீலன். தூசியோடு இருக்கும் காரைக் காய்ந்த துணியால் தினமும் துடைத்தால் இப்படித்தான் ஆகும். யாரோ ரொம்ப நாள் துடைத்திருக்கிறார்கள் என்றான்.

யார் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் இருக்கிற நாளெல்லாம் பாலசுந்தரம் எழுந்ததும் முதல் வேலையாகத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இந்தக் காரைத்தான் துடைப்பான். அப்படியொரு ஆசை. அவள் கிட்டே போய்த் தொட்டால், "கைய வெக்காத, கைரேகை பதிஞ்சுரும்" என்பான். கெட்டவன் இல்லை. அவளை எங்கே கூட்டிக்கொண்டு போகவும் மறுத்ததில்லை. ஆனால் முன்சீட்டில் எப்போதும் அவன் கூட்டாளிகள் யாராவது இருப்பார்கள். அவள் பின்னால் பையையும் பாத்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அந்தக் காரில் அவள் கை பட்ட இடம் பின்கதவுக் கைப்பிடி மட்டும்தான்.

"இதெல்லாம் போயிருமுங்களா?" என்று கேட்டாள்.

"மேலாகத்தான் இருக்குதுங்கக்கா. நெறத்துக்கு மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு இருக்கும், அதுலதான் இந்தக் கோடெல்லாம். சுத்தமா எடுத்துரலாம்."

அவள் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பாலசுந்தரத்தின் கை சுற்றிச் சுற்றிப் போன தடம் அது. வீட்டில் அவன் போட்டோ இருக்கிறது, சட்டைகள் இருக்கின்றன. ஆனால் அவன் கை அசைந்த அசைவு அப்படியே பதிந்து கிடப்பது இந்த ஒரு இடத்தில்தான். அதை ஒரு மெஷினை வைத்து அழித்துவிட வேண்டுமா என்று நினைத்தாள். கூடவே இன்னொன்றும் தோன்றியது. இது இப்படியே இருந்தால் இது என்றைக்கும் அவன் காராகத்தான் இருக்கும். அவன் கார் என்பதால்தான் அவன் அண்ணன் கையை நீட்டினார்.

உள்ளே வந்தாள். "எடுத்துருங்க," என்றாள். "எல்லாத்தையும்."

அன்றைக்கு முழுவதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னான், போகவில்லை. களிமண் மாதிரி ஒரு கட்டியை நனைத்து நனைத்துத் தேய்த்தான், கையில் தட்டுப்பட்ட சொரசொரப்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் ஓரங்களுக்கும் விளிம்புகளுக்கும் டேப் ஒட்டினான். வெள்ளைக் களிம்பை மூன்று நான்கு இடத்தில் பொட்டு வைத்துவிட்டு மெஷினைப் பிடித்து மெதுவாக நகர்த்தினான். அழுத்தவில்லை, அவசரப்படவில்லை. சூடேறுகிறதா என்று அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பானெட்டின் ஒரு பாதியை முடித்துத் துணியால் துடைத்தபோது, நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் சாம்பலாகவும் ஒரு பக்கம் மழைக்கால இரவு மாதிரி ஆழமாகவும் இருந்தது. கொட்டகைக் கூரையின் தகரமும் டியூப்லைட்டும் அந்தப் பாதியில் தெளிவாகத் தெரிந்தன. அவள் முகமும் தெரிந்தது.

காரின் கூரையில் ஒரு கையகலத்துக்கு மேல்பூச்சே உரிந்து போயிருந்தது. அந்த இடம் பாலிஷில் வராது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும் என்று குணசீலன் சொன்னான். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் முடிந்து வாக்ஸ் போட்டு வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது சாயங்கால வெயில் அடித்தது. ஒரு கீறல் இல்லை. கருநீலம் அப்படியே நின்றது. தெய்வநாயகி உள்ளங்கையை விரித்து பானெட்டின் மேல் வைத்தாள். எடுத்தபோது ஐந்து விரலும் பதிந்திருந்தன. குணசீலன் துடைக்கத் துணியை நீட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

போகும்போது ஊரைச் சுற்றிப் போகும் தார்ரோட்டில் போயிருந்தாள். வரும்போது மாரியம்மன் கோயில் வீதியிலேயே வந்தாள். பால் சொசைட்டி முன்னால் கூட்டமாக இருந்தது. கேன்களோடு நின்றவர்கள் முதலில் காரைப் பார்த்தார்கள், பிறகு ஓட்டுகிறவளைப் பார்த்தார்கள். யாரோ அவள் பேரைச் சொல்லுவது கேட்டது. அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளவில்லை.

இருட்டுவதற்குள் சின்னராஜும் அவர் மனைவி கண்ணாத்தாளும் வந்துவிட்டார்கள். சின்னராஜ் காரைப் பார்த்ததும் கோபத்தையே மறந்துவிட்டார். புது வண்டியாட்டம் ஆகிவிட்டதே என்று கதவைத் தடவிக்கொடுத்தார். நல்ல வேலை செய்திருக்கிறாய் என்றுகூடச் சொன்னார். முகூர்த்தத்துக்கு முதல் நாளே டிரைவரை அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும், அவளும் பண்ணை ஆட்களும் வருவதற்கு வேனில் இடம் போடுவதாகவும் சொன்னார்.

அவள் காரைத் தருகிறேன் என்றாள். ஆனால் ஓட்டப்போவது தானேதான் என்றாள். கனிஷ்காவைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் தான். அவளையும் மாப்பிள்ளையையும் தானே பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாத்தாள்தான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் வன்மம் இல்லை, இரக்கம் மாதிரி இருந்தது. அதுதான் அதிகமாகச் சுட்டது.

"தெய்வா, உனக்கே தெரியும். மாலையும் கழுத்துமா புள்ள ஏறறப்ப நீ முன்னால உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்கக்கா?"

சின்னராஜ் குறுக்கே வந்தார். வேறு கார் பார்த்துக்கொள்கிறேன் என்றும், இதை மண்டபத்துப் பக்கமே கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். வந்தால் தன் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றார்.

"கல்யாணத்துக்கு வாரேனுங்க மாமா," என்றாள் தெய்வநாயகி. "கார்லதான் வாரேன்."

அப்படியே போனாள். முகூர்த்தத்தன்று, பட்டு இல்லாவிட்டாலும் நல்லதாக ஒரு பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, சின்னாயியை முன்சீட்டில் உட்காரவைத்து, பண்ணையில் வேலை செய்யும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டு மண்டபத்துக்குள் காரை விட்டாள். வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் யார் வீட்டு வண்டி என்று எட்டிப் பார்த்தார்கள். பூச்சரம் சுற்றி நின்ற வாடகைக் காருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அங்கேயே நிறுத்தினாள். பூ இல்லாமலேயே அவள் கார்தான் எடுப்பாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா, ஈரோட்டுப் பக்கத்து ஜவுளிக்காரர், வாசலிலேயே அவளை நிறுத்தி வண்டியைப் பற்றிக் கேட்டார். எந்த வருட மாடல், எங்கே பாலிஷ் போட்டது என்று விசாரித்தார். சின்னராஜின் தம்பி சம்சாரம் என்று தெரிந்ததும், அவரைக் கூப்பிட்டு, இப்படித் தைரியமான பொம்பளை வீட்டில் இருப்பது பெருமையல்லவா என்றார். சின்னராஜ் சிரித்துவைத்தார்.

தாலி கட்டும்போது தெய்வநாயகி மேடைக்கு ஏறவில்லை. அதற்காக வரவில்லை. ஆனால் கடைசி வரிசைக்கும் போகவில்லை. நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து அட்சதை போட்டாள். கனிஷ்கா ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

சாப்பாட்டுக்கூடம் மாடியில் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது ஜன்னல் வழியே கீழே கார் நிற்கும் இடம் தெரிந்தது. சின்னராஜ் அங்கே தனியாக நின்றார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தார். அவள் கார்ப் பக்கம் வந்தார். முன்சக்கரத்துக்கு மேலிருந்து பின்னால் வரைக்கும் கதவுகளின் மேல் கையை வைத்தபடியே மெதுவாக நடந்தார். மாட்டைத் தடவிக்கொடுப்பது போல இருந்தது. கடைசியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் நின்ற தெய்வநாயகிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பி ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்தாள். என்ன பேசினாலும் கூடப் பிறந்தவர் அல்லவா. நாளைக்குப் போய் நானே பேசிவிடுகிறேன் என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினாள்.

கீழே வந்து பார்த்தாள். முன்சக்கரத்துக்கு மேலே தொடங்கி இரண்டு கதவுகளையும் கடந்து டிக்கி வரைக்கும் ஒரே கோடு. வெள்ளையாக இருந்தது. சாவியை வைத்து அழுத்தி இழுத்திருக்கிறார். முன்கதவில் அழுத்தம் அதிகம். அங்கே உள்ளிருக்கும் சாம்பல் நிறமே தெரிந்தது.

அவள் அழவில்லை. கூடவந்த பெண்கள்தான் பதறினார்கள். அவள் நேராகப் போர்டிகோவுக்குப் போனாள். சின்னராஜ் சம்பந்தியோடு நின்று வருகிறவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மாமா, வண்டியக் கீறியிருக்கறீங்க."

தனக்கென்ன தெரியும், எவனாவது வழிப்போக்கன் செய்திருப்பான் என்றார் சின்னராஜ். முகம் கறுத்துவிட்டது.

"மேல ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன். தடவிக் குடுக்கறீங்கன்னு நெனச்சுக் கண்ணு கலங்கிப் போச்சுங்க எனக்கு."

சம்பந்தி சின்னராஜைப் பார்த்தார். சின்னராஜ் தன் கையில் இருந்த சாவிக்கொத்தை வேட்டி மடிப்புக்குள் செருகினார். கனிஷ்காவும் மாப்பிள்ளையும் மாலையோடு வெளியே வந்தார்கள். கனிஷ்காவுக்கு ஏதோ நடந்திருப்பது புரிந்தது. சித்தியின் கையைப் பிடித்தாள், பிறகு வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டாள். அவள்மேல் தெய்வநாயகிக்கு வருத்தமில்லை. கல்யாணத்தன்று ஒரு பெண் எவ்வளவுதான் செய்ய முடியும்.

சின்னாயி போகும் வழியிலேயே பாலிஷ் கடைக்காரனிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்றாள். தெய்வநாயகி வேண்டாம் என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் அந்தக் காரைத் தினமும் எடுத்தாள். மருந்துக் கடைக்கு, பால் சொசைட்டிக்கு, ரேஷன் கடைக்கு. நடந்தே போகிற தூரத்துக்கும் எடுத்தாள். நன்றாகக் கழுவித் துடைத்துப் பளபளவென்று எடுத்தாள். அந்தப் பளபளப்பில் கோடு அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தது. ஊரில் கேட்காத ஆள் இல்லை. அத்தனை பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"எங்க மாமா சாவியில கீறுனாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பெய்தது என்பது போலச் சொன்னாள். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, இதை வெளியே சொல்லலாமா, குடும்ப விஷயமல்லவா என்றார்கள். கீறியவர் கல்யாண மண்டபத்து வாசலில் வைத்துத்தானே கீறினார் என்றாள். கட்டிட வேலைக்குப் போகிற பெண்கள் டீக்கடை முன்னால் அவள் காரைக் கண்டால் கிட்டே வந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, தனக்கும் ஓட்டக் கற்றுத் தருகிறாயா என்று கேட்டாள். வா என்றாள் தெய்வநாயகி.

சின்னராஜ் ஊரில் பெரிய மனிதர். கோயில் நோம்பி, திருவிழா என்றால் முன்னால் நிற்பவர். இப்போது அவர் டீக்கடைக்கு வந்தால் பேச்சு நின்றது. அவர் சாவியை மேஜைமேல் வைத்தால், எதிரில் இருப்பவன் தன் பைக்கைப் பார்த்துக்கொண்டான். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் வீட்டை விட்டே வெளியே வருவது குறைந்துவிட்டது.

கண்ணாத்தாள் ஒருநாள் மதியம் பண்ணைக்கு வந்தாள். கொட்டகைக்கு உள்ளேயே வந்தாள். அவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை, கனிஷ்காகூட போனில் சரியாகப் பேசுவதில்லை என்றாள். அந்தக் கோட்டை எடுத்துவிடச் சொன்னாள். ஆகிற செலவை வீட்டிலிருந்து தருவதாகச் சொன்னாள்.

"செலவு பெருசில்லீங்கக்கா. மாமாவை வரச் சொல்லுங்க. எங்கூட வண்டியில வந்து, கூட இருந்து எடுத்துக் குடுக்கட்டும். இன்னிக்கே போலாம்."

அவர் வருவாரா என்றாள் கண்ணாத்தாள். அப்படியென்றால் கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் தெய்வநாயகி. சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு டஜன் முட்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அவர் வரவே மாட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள். புரட்டாசி போய் ஐப்பசி மழை பிடித்தபிறகு, ஒரு காலை கேட்டுக்கு வெளியே சின்னராஜ் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். போலாமா என்று மட்டும் கேட்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டு சாவியை எடுத்து வந்தாள். அவர் பின்கதவைத் திறக்கப் போனார்.

"முன்னால உக்காருங்க மாமா. நான் உங்க டிரைவர் இல்லீங்க."

ஏறி உட்கார்ந்தார். அவள் மாரியம்மன் கோயில் வீதியிலேயே ஓட்டிக்கொண்டு போனாள். பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் எல்லாரும் பார்த்தார்கள். சின்னராஜ் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைத் தாண்டிய பிறகுதான் பேசினார். அன்றைக்குச் சம்பந்தி சபையில் வைத்து அவளையே புகழ்ந்துகொண்டிருந்தார் என்றார். மகள் கல்யாணத்தில் தன்னை ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை என்றார். பிறகு, "அவன் உக்காந்த எடத்துல நீ உக்காந்திருக்கறதைப் பாக்க முடியலம்மிணி," என்றார்.

"எனக்கும் முதல்ல அப்படித்தானுங்க இருந்துச்சு," என்றாள் அவள். அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை.

குணசீலன் கோட்டைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினான். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தான். இரண்டு ஓரத்திலும் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுவில் மாட்டி நின்றது. நகம் மாட்டாத இடமெல்லாம் பாலிஷில் போய்விடும், மாட்டுகிற இடத்தில் பெயின்ட் தொட்டு வைத்துத்தான் மறைக்க வேண்டும், கூர்ந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும் என்றான். பிறகு சகஜமாகக் கேட்டான்.

"எந்தப் பாவிங்க இப்படிப் பண்ணுனது?"

தெய்வநாயகி வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லியிருக்கலாம், இத்தனை நாள் ஊரெல்லாம் சொன்னவள்தான். மழை கொட்டகைத் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னராஜ் தொண்டையைச் செருமினார்.

"நாந்தானுங்க," என்றார்.

குணசீலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மேலே எதுவும் கேட்காமல் டேப்பை எடுக்கப் போனான். சின்னராஜ் நாற்காலியில் உட்காரவில்லை. மெஷின் ஓடுகிறவரைக்கும் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். விளக்கைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தார். கோட்டின் ஓரங்கள் மெல்ல மெல்லக் கரைந்தன. முன்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு மிச்சம் நின்றது. குணசீலன் அதில் நிறம் தொட்டு வைத்து, காயவைத்து, சமன்படுத்தினான். இருந்தும் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தால் மயிரிழை போலத் தெரிந்தது. முழுசாகக் கதவுக்கே பெயின்ட் அடித்துவிடலாமே என்று சின்னராஜ் சொன்னார், கெஞ்சுகிற மாதிரி. தேவையில்லை, இது போதும் என்று தெய்வநாயகி காரை எடுத்தாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. எலச்சிபாளையம் தாண்டியதும் சின்னராஜ் தயங்கித் தயங்கிப் பேசினார். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் போய் வருவது சிரமம் என்றார். "நீ வந்தீன்னா தேவலம்மிணி," என்றார்.

தெய்வநாயகி கியரை மாற்றினாள்.

"புதங்கிழமை பண்ணைக்குப் புதுக் குஞ்சு எறக்கறாங்க மாமா, என்னால நகர முடியாது. வேற நாளாக் கேட்டுச் சொல்லுங்க. எனக்கு வேலை ஒழிஞ்சா வாரேன்."

அவர் சரி என்று தலையாட்டினார்.